சுவிட்சின் கதை: போடுவது சுலபம், அணைப்பதுதான் கஷ்டம்!

மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன்கூட எடிசன் என்று சொல்லிவிடுவான். (இங்கிலாந்தில் கேட்டால் ஜோசப் ஸ்வான் என்பார்கள். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) சுவிட்சைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எலெக்ட்ரிகல் படிப்பவர்களே கொஞ்சம் விழிப்பார்கள்.

சுவிட்சில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இரண்டு கம்பிகளைச் சேர்த்தால் மின்சாரம் ஓடும், பிரித்தால் நின்றுவிடும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதைச் 'சாவி' என்று போட்டுப் படம் வரைந்திருப்பார்கள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் 'ஆளி'. படத்தில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று படம் சொல்வதில்லை. சுவிட்சின் வரலாறு பெரும்பாலும் அந்தத் திறப்பில்தான் இருக்கிறது.

சுவரில் சுவிட்ச் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் வட கோடியில், நார்தம்பர்லாந்தில், ராத்பரி என்ற ஊருக்கு அருகே கிராக்சைடு என்று ஒரு மாளிகை உண்டு. பீரங்கி செய்து பெரும் பணக்காரரான வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வீடு. 1878ஆம் ஆண்டு ஏரித் தண்ணீரைக் கொண்டு டைனமோவைச் சுழற்றி அங்கே ஓர் ஆர்க் விளக்கை எரிய வைத்தார். 1880-ல் தன் நண்பர் ஸ்வானின் பல்புகளைப் பொருத்தினார். நூலக அறையில் செம்பின்மேல் எனாமல் பூசிய அழகான பூக்குடுவைகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பல்பு, அடியில் பாதரசம் ஊற்றிய கிண்ணம். குடுவையைக் கிண்ணத்தில் வைத்தால் பாதரசம் வழியாக மின்சாரம் ஏறி விளக்கு எரியும். தூக்கினால் அணையும். அன்றைய உலகத்தின் நவீன வீட்டில் விளக்கை அணைக்க வழி இதுதான்! நச்சுப் பொருளான பாதரசத்தை வரவேற்பறைச் சாமானைப் போல வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் எடிசன் வேறு வழியில் போனார். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவருடைய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 110 வோல்ட் டி.சி., அதாவது நேர்மின்னோட்டம். முதல் நாள் சுமார் 400 விளக்குகள். மக்கள் அதுவரை கேஸ் விளக்கு வைத்திருந்தவர்கள், விளக்கின் அடியிலேயே குழாயைத் திருகிப் பழகியவர்கள். அதனால் பல்பு ஹோல்டரிலேயே ஒரு திருகு சாவியை வைத்துவிட்டார்கள். பழக்கம் மாறாமல் பொருளை மாற்றும் தந்திரம் இது. வியாபாரத்தில் நன்றாகவே எடுபட்டது. சுவரில் சாவி வந்த பிறகும் குழப்பம் தீரவில்லை. இந்த அறையில் இருப்பது மின்விளக்கு, தீக்குச்சி கிழித்து ஏற்ற முயலாதீர்கள், கதவருகே உள்ள சாவியைத் திருகுங்கள் என்று ஹோட்டல் அறைகளில் அறிவிப்பு மாட்டி வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் கேஸ் குழாய்க்கும் மின் சுவிட்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குழாயைப் பாதி திறந்தால் பாதி வெளிச்சம் கிடைக்கும். சுவிட்சைப் பாதியில் நிறுத்தினால் கிடைப்பது தீ.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு உலோக முனைகளைப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரியும் முன் கடைசியாக ஒரே ஒரு புள்ளியில் அவை தொட்டுக்கொண்டிருக்கும் தருணம் ஒன்று வரும். மொத்த மின்னோட்டமும் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடம் கடுமையாகச் சூடாகி உலோகமே உருகி ஆவியாகும். முனைகள் பிரிந்த பிறகும் அந்த ஆவியும் அயனியான காற்றும் ஒரு பாலம் போல நின்று மின்சாரத்தைக் கடத்தும். இதைத்தான் ஆர்க் என்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூச வைப்பதும் இதேதான். பல ஆயிரம் டிகிரி வெப்பம். இடைவெளி சிறியதாக இருக்கும் வரை ஆர்க் அணையாது, முனைகளைத் தின்றுகொண்டே இருக்கும். அக்காலச் சுவிட்சில் முனைகள் எவ்வளவு வேகமாகப் பிரியும் என்பது கையின் வேகத்தைப் பொறுத்தது. பயந்து பயந்து மெதுவாகத் திருகியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். விசித்திரமான நிலைமை!

இதைத் தீர்த்தவர் ஜான் ஹென்றி ஹோம்ஸ். நியூகாசில் நகரத்துக்காரர், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஸ்வான் தன் பல்புகளைச் செய்து காட்டியதும் இதே வட்டாரத்தில்தான். 1884ஆம் ஆண்டு ஹோம்ஸ் ஒரு சுவிட்சுக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை இதுதான்: கைப்பிடிக்கும் உள்ளே இருக்கும் தொடு முனைக்கும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது. நடுவில் ஒரு ஸ்பிரிங். கை தள்ளும்போது முதலில் ஸ்பிரிங் மட்டும் இறுகும், முனை அசையாது. ஓர் எல்லையைத் தாண்டியதும் ஸ்பிரிங் விடுபட்டு முனையை ஒரே உதறலில் விலக்கிவிடும். டிபன் பாக்ஸின் பக்கவாட்டுக் கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி வரை நாம்தான் தள்ள வேண்டும், பாதியைத் தாண்டினால் அதுவே 'டக்' என்று போய்விடும். அதே மாதிரி. இனி சுவிட்சைக் குழந்தை தள்ளினாலும் தாத்தா தள்ளினாலும் உள்ளே முனை பிரியும் வேகம் ஒன்றுதான். ஆர்க் வளர நேரம் கிடையாது.

பழைய சுவிட்சுகளின் அந்த 'டொக்' சத்தம் அந்த ஸ்பிரிங்கின் சத்தம்தான்.

ஹோம்ஸின் பெயர் நிலைக்கவில்லை. அவர் கம்பெனி டைனமோ, மோட்டார் என்று பலவும் செய்தது. 1928-ல் ரேரோல் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அவருடைய பழைய சுவிட்ச் ஒன்று நியூகாசிலின் டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்புக்காரர்களுக்குச் சிலை, சுவிட்ச்காரருக்குக் கண்ணாடிப் பெட்டி. நியாயமில்லைதான்.

தீ பயம் குறைந்தாலும் ஷாக் பயம் போகவில்லை. 1891-ல் அமெரிக்காவின் வெள்ளை மாளிகைக்கு மின்விளக்கு வந்தபோது அதிபர் பெஞ்சமின் ஹாரிசனும் அவர் மனைவியும் சுவிட்சைத் தொடவே மறுத்தார்களாம். வயரிங் செய்ய வந்த ஐக் ஹூவர் என்ற இளைஞரை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மாலையில் அவர் விளக்கைப் போடுவார், மறுநாள் காலையில் வந்து அணைப்பார். இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அன்றைய சுவிட்சுகள் பலவற்றுக்குப் பித்தளை மூடி. உள்ளே ஒரு கம்பி நழுவி மூடியைத் தொட்டால் தொடுகிறவர் கதி அதோகதி. அதிபர் கோழை என்று சொல்லிவிட முடியாது.

லியோ பேக்லண்ட் 1907-ல் பேக்லைட்டைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. சூட்டில் உருகாத, மின்சாரம் கடத்தாத, அச்சில் வார்க்க முடிந்த பொருள். பீங்கானைப் போல உடையாது, பித்தளையைப் போலக் கடிக்காது. அமெரிக்காவில் திருகு சுவிட்ச், மேலும் கீழும் இரண்டு பொத்தான் வைத்த சுவிட்ச் (எரிய வைக்கும் பொத்தானில் முத்துச்சிப்பி பதித்திருப்பார்கள், இருட்டில் தெரிய) என்று போய் 1910களின் கடைசியில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்ச் வந்தது. பிரிட்டனில் டம்ளர் சுவிட்ச். உருண்டை மூடி, நடுவில் சின்ன மூக்கு.

கல்கத்தாவில் 1899-ல் மின்விநியோகம் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் வயரிங் முறை பிரிட்டிஷ் முறையாகவே வளர்ந்தது. அதனால்தான் நம் வீடுகளில் சுவிட்சைக் கீழே தள்ளினால் எரிகிறது. அமெரிக்காவில் மேலே தள்ள வேண்டும். (ஹாலிவுட் படத்தைக் கவனித்துப் பாருங்கள்.) நம் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் சிலவற்றில் அந்தக் காலம் அப்படியே சுவரில் ஒட்டியிருக்கும். தேக்குப் பட்டையின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், வட்டமான மரக்கட்டை, அதன்மேல் கறுப்பு பேக்லைட் டம்ளர் சுவிட்ச். மூடி திருகாணி போலக் கழன்று வரும். கட்டில் தலைமாட்டில் தொங்கும் பேரிக்காய் வடிவ 'பெட் சுவிட்ச்' வேறு. பிறகு வந்தது பியானோ சுவிட்ச். வரிசையாக வைத்தால் பியானோ கட்டைகள் போல இருப்பதால் அந்தப் பெயர். 1963-ல் பம்பாயில் தொடங்கிய ஆங்கர் கம்பெனியின் பெயர், எந்தக் கம்பெனிச் சுவிட்சாக இருந்தாலும் 'ஆங்கர் சுவிட்ச்' என்று கேட்கும் அளவுக்குப் பரவியது. அந்தக் கம்பெனியை 2007-ல் ஜப்பானின் மட்சுஷிதா குழுமம் வாங்கியது. அதுதான் இன்றைய பேனசோனிக்.

இந்தப் பியானோ சுவிட்ச் ஏன் டம்ளரைப் போலச் சத்தம் போடுவதில்லை? ஃபேஷன் மட்டும் காரணமில்லை. டி.சி. போய் ஏ.சி. வந்ததுதான் காரணம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆர்க் உண்டானாலும் அடுத்த பூஜ்யத்தில், அதாவது நூறில் ஒரு பங்கு நொடிக்குள், பெரும்பாலும் அதுவே அணைந்துவிடும். பெரிய ஸ்பிரிங் தேவையில்லை. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே போதும் என்று ஆகிவிட்டது. ஹோம்ஸ் போராடித் தீர்த்த பிரச்சினையை ஏ.சி. சும்மா தீர்த்து வைத்துவிட்டது! சுவிட்சுகள் சிறியவையாகவும் மெலிந்தவையாகவும் மலிவானவையாகவும் ஆயின.

இருந்தாலும் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். இன்று கடையில் கிடைப்பவை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் (பழைய ஆட்கள் 5, 15 என்பார்கள்). 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். லைட்டுக்கும் ஃபேனுக்கும் தாராளம். கீசருக்கும் ஏர்கண்டிஷனருக்கும் 16 தான் வேண்டும். சில சுவிட்சுகளில் 6 ஏஎக்ஸ் என்று போட்டிருக்கும். டியூப்லைட் மாதிரிச் சுமைகளுக்கும் சோதித்தது என்று அர்த்தம். சோக், மோட்டார் போன்றவற்றில் கம்பிச்சுருள் இருக்கிறது. மின்னோட்டம் திடீரென்று நிற்பதைச் சுருள் எதிர்க்கும். அதனால் அணைக்கும்போது பொறி அதிகம். 60 வாட் ஃபேன்தானே என்று மட்டமான சுவிட்சைப் போட்டு, இரண்டு வருஷத்தில் முனை கருகிப் போவது இதனால்தான்.

அடுத்தது மாடிப்படி வயரிங். கீழே போட்டு மேலே அணைக்கும் வசதி. இதற்கு மூன்று முனை கொண்ட டூ-வே சுவிட்சுகள் இரண்டு தேவை. கீழ்ச் சுவிட்சின் பொது முனைக்கு ஃபேஸ் வரும். மேல்ச் சுவிட்சின் பொது முனையிலிருந்து பல்புக்குப் போகும். இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இரண்டு வயர்கள். இரண்டு சுவிட்சும் ஒரே வயரைத் தேர்ந்தெடுத்தால் எரியும், ஆளுக்கொரு வயரைத் தேர்ந்தெடுத்தால் அணையும். மூன்றாவது இடத்திலும் வேண்டும் என்றால் அந்த இரண்டு வயரையும் குறுக்கே மாற்றிக் கொடுக்கும் நான்கு முனை இன்டர்மீடியட் சுவிட்சை நடுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கன வழி இருந்தது. அமெரிக்காவில் அதற்குக் கார்ட்டர் முறை என்று பெயர். ஃபேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இரண்டு இடத்திலும் இருந்தால் தனியாக இரண்டு வயர் எதற்கு? பல்பின் ஒரு முனையை ஒரு சுவிட்சுக்கும் மறு முனையை இன்னொரு சுவிட்சுக்கும் கொடுத்துவிட்டால் போதும். ஒன்று ஃபேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் எரியும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் எரியாது. கணக்கு சரிதான், வயரும் மிச்சம். ஆனால் இரண்டும் ஃபேஸ் பக்கம் இருக்கும்போது? பல்பு எரியாது, ஆனால் ஹோல்டரின் இரண்டு முனையிலும் முழு மின்னழுத்தம் நிற்கும். விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பிப் பல்பு மாற்ற ஏணியில் ஏறுகிறவர் தொடுவது அதைத்தான். 1923-லிருந்து அமெரிக்க மின் விதிகள் இந்த முறையைத் தடை செய்துவிட்டன.

நம் ஊரில் இதற்கு ஒரு தம்பி உண்டு. சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவிடுவது. விளக்கு எரியும், அணையும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரை ஃபேஸ் உட்கார்ந்திருக்கும். எர்த் செய்த நியூட்ரலில் தனியாக ஒரு சுவிட்சோ ஃபியூஸோ வைக்கக் கூடாது, வைத்தால் ஃபேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆம் விதி சொல்லியது. குண்டு பல்பு காலத்தில் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. எல்.இ.டி. பல்பு வந்த பிறகுதான் பல வீடுகளில் அம்பலமாகிறது. அணைத்த பிறகும் பல்பு மின்மினி மாதிரி மங்கலாக எரிந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் இது ஒன்று. (சுவிட்சில் சிவப்பு நியான் இண்டிகேட்டர் இருந்தாலும் இப்படி ஆகும். அது ஆபத்தில்லை.) மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்வது பத்து நிமிஷ வேலை.

மெயின் என்றதும் இரும்புப் பெட்டி ஞாபகம் வரும். உள்ளே கத்தி போன்ற செம்புப் பட்டைகள், வெளியே கைப்பிடி. கைப்பிடி மேலே இருக்கும் வரை மூடி திறக்காது. அந்த இடத்தை இன்று பிடித்திருப்பது எம்.சி.பி., நம் வழக்கில் ட்ரிப்பர். 1924-ல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸின் கம்பெனியில் உருவானது. சாதாரணச் சுவிட்ச் தன் சுமையை மட்டும் அணைத்தால் போதும். எம்.சி.பி.யோ ஷார்ட் சர்க்யூட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அணைக்க வேண்டும். அதனால் அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆர்க் அதற்குள் தள்ளப்பட்டுத் துண்டு துண்டாகி அணையும். எம்.சி.பி.யின் முகத்தில் ஒரு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று எண் இருக்கும். எவ்வளவு ஆம்பியர் வரை அறுக்க முடியும் என்பது அது. வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

2007 நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் டி.சி. விநியோகம் முழுதாக நிறுத்தப்பட்டது. எடிசன் தொடங்கி 125 வருஷம். ஏதோ பழைய லிஃப்ட்களுக்காக அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹோம்ஸின் பிரச்சினையும் அதோடு முடிந்தது என்று அன்று நினைத்திருந்தால் தப்பில்லை.

முடியவில்லை. மொட்டை மாடியில் அது திரும்பி வந்திருக்கிறது. சோலார் பேனல் தருவது டி.சி. பேனல்களை வரிசையாக இணைத்தால் பல நூறு வோல்ட். எடிசனின் 110 எங்கே, இது எங்கே! பூஜ்யத்தைத் தொடாத மின்சாரம் என்பதால் ஆர்க் தானாக அணையாது. வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்கவும் முடியாது. வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே மாட்டினால், அணைக்கும் நேரத்தில் அது அணைக்காமல் எரியும். பிரிட்டனில் சோலார் தீவிபத்துகளை ஆராய்ந்த பி.ஆர்.ஈ. நிறுவனம் அதிகம் சுட்டிக்காட்டியது டி.சி. ஐசொலேட்டர் சுவிட்சுகளைத்தான். ஆஸ்திரேலியாவில் இன்னும் வேடிக்கை. பாதுகாப்புக்காகக் கூரையில் பேனலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஐசொலேட்டர் கட்டாயம் என்று விதி போட்டார்கள். அந்தச் சுவிட்சுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி அதுவே தீப்பிடிக்க ஆரம்பித்தது. 2021-ல் விதியைத் திருத்தி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி.கள் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். உள்ளே ஒரு காந்தம் வைத்து ஆர்க்கைத் தகடுகளுக்குள் தள்ளுவார்கள். வயரை மாற்றி இணைத்தால் அதே காந்தம் ஆர்க்கை எதிர்ப் பக்கம் தள்ளும். மாடியில் சோலார் இருக்கும் வீடுகளில் நிறுத்தும் வரிசையும் முக்கியம். முதலில் இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கச் சுவிட்ச். பேனலிலிருந்து வரும் ஓட்டம் நின்ற பிறகு டி.சி. ஐசொலேட்டர், அதையும் பாதியில் நிறுத்தாமல் ஒரே திருப்பில்.